கைடுக்கு எவ்வளவு கொடுக்கலாம்

அன்று சாயங்காலம் யார்டு மாடி ஆபீஸில் இருந்தவர்கள்: முதலாளி குமாரவேல். அவருடைய தங்கை புருஷனும், யார்டில் சரிபாதிப் பங்காளியுமான அருள்பிரகாசம். கணக்கு எழுதும் டோரதி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக. நைட் டூட்டிக்கு அப்போதுதான் வந்து சேர்ந்த செக்கர் மொஹ்சின். பின்னால் யாராவது விசாரித்தால் இந்த நாலு பேரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதிலும் டோரதி ரயிலைப் பிடிக்கப் பாதியிலேயே போய்விட்டாள்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற ரோட்டில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது அந்த யார்டு. காலி கன்டெய்னர்களை அடுக்கி வைத்து வாடகை வாங்குகிற இடம். எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்த பிறகு அந்த மண்ணுக்கு வந்த விலையை நினைத்தால் குமாரவேலுக்குத் தூக்கம் வருவதில்லை என்று லோடுமேன்கள் பேசிக்கொள்வார்கள். அருளுக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது. சோறு, தூக்கம், சிரிப்பு மூன்றிலும் அவனுக்குக் குறையே கிடையாது.

"வா பாய், வா! உன்னத்தான் தேடிகினு கீறேன்," என்றான் அருள். "கப்பல் ஏஜென்ட் எனக்கும் மச்சானுக்கும் மாலத்தீவுக்கு ஓசி டிக்கெட் குடுத்துக்கீறான். தண்ணி அடில கூட்டிகினு போவானுங்க பாரு, கைடு, அவனுக்கு டிப்ஸு இன்னா குடுக்கணும்? அஞ்சு டாலர் நீட்டுனா மூஞ்ச திருப்பிக்குவானா?"

மொஹ்சினைக் கேட்டதில் நியாயம் இருந்தது. தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், மாலத்தீவில் ஆறு வருஷம் டைவிங் படகில் வேலை பார்த்தான். முதலில் சிலிண்டருக்குக் காற்று அடிக்கிறவனாக, அப்புறம் கைடாக. இடது காது உள்ளே கிழிந்த பிறகு இனி தண்ணீருக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர் திரும்பி வந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் குமாரவேல்தான். ஏன் கொடுத்தார் என்று மொஹ்சின் அப்போது யோசிக்கவில்லை. வேலை கொடுக்கிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து டாலரு சார். படகுக்காரங்களுக்குத் தனியா டப்பா இருக்கும், அதுல அஞ்சோ பத்தோ போடலாம். கடைசி நாளு குடுத்தா போதும்."

"பத்து டாலரா! நானூத்தி சொச்சம் ரூவாய்யா! அந்தக் காசுக்குக் காசிமேட்டுல ஒரு முழு வஞ்சிரம் வாங்கியாந்து வூட்லயே வச்சி பாத்துகினு இருப்பேனே!"

"நீச்சலே தெரியாது, நீங்க எதுக்கு சார் அங்க எல்லாம்?" என்றாள் டோரதி.

"எண்ணூர்ல பொறந்தவனுக்கு நீச்சல் எதுக்கும்மா? முழங்கால் தண்ணிக்கு மேல நான் போனதே இல்ல. மச்சான் கீறாரு இல்ல? போன வருசம் பட்டாயாவுல கடலடில போய் உக்காந்துகினு வந்தாரு. டைவிங் பாஸ் பண்ண கார்டு கூட வச்சிக்கீறாரு. காட்டு மச்சான், காட்டு."

"அதெல்லாம் சும்மா," என்றார் குமாரவேல். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாப்ள, அந்தக் கையெழுத்து..." என்று ஆரம்பித்தார்.

"திரும்பியுமா? நெலத்த விக்க நான் கையெழுத்து போட மாட்டேன் மச்சான். நான் செத்தப்புறம் உன் தங்கச்சி போட்டா போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு அருள் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். டோரதியும் சிரித்தாள். குமாரவேலும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

கீழே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அருள் இறங்கிப் போனான். டோரதியும் "வரேன் சார்" என்று பின்னாலேயே போனாள். மொஹ்சினும் எழுந்தான்.

"நீ இரு," என்றார் குமாரவேல்.

அவர் எழுந்து ஃபேனை நிறுத்தினார். அந்த அறையில் ஃபேன் நின்று மொஹ்சின் பார்த்ததில்லை. மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து வருகிற கந்தக நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது.

"ரெண்டு பேருக்கு ஒரு கைடுதான், இல்ல?"

"ஆமா சார்."

"ஒருத்தன் பயந்துட்டான்னா கைடு யார் பக்கம் இருப்பான்?"

"பயந்தவன் பக்கம்தான் இருப்பான். கையப் புடிச்சிகினே போவான்."

"அப்போ இன்னொருத்தன்?"

"பக்கத்துலதான் இருப்பாரு. அப்பப்போ திரும்பிப் பாத்துப்போம்."

குமாரவேல் தலையாட்டினார். பிறகு தனக்குத்தான் ரொம்பப் பயம் என்றார். பட்டாயாவில் ஏதோ பெயருக்குப் போனது, பாதியிலேயே மேலே வந்துவிட்டாராம். அருள் தைரியசாலி, அவன் பார்த்துக்கொள்வான். அதனால் கைடு தன் பக்கத்தை விட்டு நகரவே கூடாது. தரை தெரியாமல் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்குகிற இடம் ஒன்று இருக்கிறதாமே, அதையும் பார்க்க வேண்டும். பயந்தவர் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டு மொஹ்சின் பார்த்ததில்லை. புதுசாக வருகிறவர்களை அந்தப் பக்கமே கூட்டிப்போக மாட்டார்கள்.

"உன் தோஸ்து ஒருத்தன் அங்கயே கைடா கீறானே, சௌக்கத் அலி. அவன் கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு." ஒரு பிரவுன் கவரை மேஜை மேல் வைத்துத் தள்ளினார். கவரின் வாய் திறந்தே இருந்தது. உள்ளே நூறு டாலர் நோட்டுகள். "முன்னாடியே அனுப்பிடு. நம்ம ஆளு, நல்லா பாத்துப்பான் இல்ல? உனக்கும் தனியா தரேன்."

மொஹ்சின் கவரைத் தொடவில்லை. அவன் வேலை பார்த்த படகில் ஒரு பழக்கம் இருந்தது. டிப்ஸ் என்பது எல்லோரும் மேலே வந்து, தலை எண்ணி, உடம்பு துடைத்து, கரை ஏறிய பிறகு வாங்குவது. இறங்குவதற்கு முன்னால் ஒருவன் கையை நீட்டினால் வாங்க மாட்டார்கள். அப்படி நீட்டுகிறவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும்: போகக்கூடாத ஆழம், தொடக்கூடாத மீன், பார்க்காத கண். காசை வாங்கிவிட்டால் அவன் சொல்கிற பக்கம் தலை தானாகத் திரும்பும். சௌக்கத் வாங்கிக்கொள்வான். நல்லவன்தான், ஆனால் கேள்வி கேட்கிறவன் இல்லை. பயந்த பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நீந்துவான். பின்னால் இன்னொருவனின் வாயிலிருந்து குழாய் கழன்றால் சத்தம் கேட்காது. தண்ணீருக்குள் யாரும் கத்த முடியாது. குமிழி மட்டும் வரும். திரும்பிப் பார்க்காமல் இருந்ததற்கு உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் கொலை என்று பெயர் கிடையாது.

இதெல்லாம் ராத்திரி தூங்காதவனின் மூளை பண்ணுகிற வேலையாகவும் இருக்கலாம். நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்கு நிழல் எல்லாம் திருடன்தான். மொஹ்சினுக்கு அது தெரியும். பணக்காரர் ஒருவர் உண்மையிலேயே பயப்படலாம், பயந்தவர் அதிகமாகக் காசு கொடுக்கலாம். ஆனால் குமாரவேலின் கையை அவன் பார்த்தான். கவருக்குப் பக்கத்தில், கண்ணாடி மேல், ஒரு அசைவும் இல்லாமல் இருந்தது. தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசும்போதே எதையாவது பிடித்துக்கொள்வார்கள். ஆறு வருஷம் அவன் பிடித்துப் பார்த்தது அந்த மாதிரிக் கைகளைத்தான்.

"மேல வந்தப்புறம் குடுங்க சார்," என்றான். "ரெண்டு பேரும் மேல வந்தப்புறம்."

குமாரவேல் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவரை எடுத்து மடித்து டிராயரில் போட்டார்.

"நீ ரொம்ப யோசிக்கிற மொஹ்சினு. யோசிக்கிறவனுக்கு யார்டு வேல சரிப்படாது."

மொஹ்சின் இரும்புப் படியில் இறங்கினான். வேலை போகும் என்பது நிச்சயமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு கேட்டுக்குப் போய் உட்கார்ந்தால் ஒருவேளை போகாது. போகிற உயிர் அருளுடையது, அதுவும் போனால்தான். அருள் அவனுக்கு யார்? ரம்ஜானுக்குப் பிரியாணி கேட்டு நச்சரிக்கிறவன், போன மழையில் தன் ரெயின்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனவன், அவ்வளவுதான். அதை நினைத்துக்கொண்டே கேட் பக்கம் நடந்தவன், லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அருளிடம் போய்ச் சேர்ந்திருந்தான்.

"சார், அங்க போனா தண்ணிக்குள்ள எறங்காதீங்க. கரையில உக்காந்து மீன் துன்னுட்டு வந்துடுங்க."

"ஏன் பாய்? பத்து டாலர் மிச்சம் பண்றியா?"

"கைடு உங்க பக்கம் இருக்க மாட்டான். மொதலாளி முன்னாடியே காசு குடுத்து அவன தன் பக்கம் வச்சிக்கப் பாக்கறாரு. அவருக்குத் தண்ணி தெரியும், உங்களுக்குத் தெரியாது. நெலத்த நெனச்சிப் பாருங்க சார். நான் இதுக்கு மேல சொல்ல மாட்டேன்."

அருள் அவனையே பார்த்தான். அந்த வட்ட முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல ஏறியது. புரிகிறது என்று மொஹ்சின் நினைத்தான். ஏறியது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லாரி பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு அருள் சிரித்தான். மொஹ்சின் தடுப்பதற்குள் மாடியைப் பார்த்துக் கத்திவிட்டான்.

"மச்சான்! ஏ மச்சான்! பாய் இன்னா சொல்றான்னு வந்து கேளேன்! நீ என்னக் கடல்ல முக்கிப்புட்டு வந்துருவியாம்!"

ஜன்னலில் குமாரவேலின் தலை தெரிந்தது. பிறகு படியில் செருப்புச் சத்தம். கிட்டே வந்து அவரும் சிரித்தார். மொஹ்சினின் தோளில் கை போட்டார். கை கனமாகவும் உலர்ந்தும் இருந்தது.

"நைட்டெல்லாம் தனியா உக்காந்தா இப்டித்தான் மாப்ள. பாவம்."

"நல்லவன் மச்சான். வேலய விட்டுத் தூக்கிடாத," என்றான் அருள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சே, சே. எதுக்கு?" லாரிக்காரன் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினான். புழுதி அடங்கியதும் குமாரவேல் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார். "மொஹ்சினு, கடைசி வரிசைல அந்தப் பச்சப் பெட்டி. காலைல காலியாவே கொழும்புக்குப் போவுது. லைட் டெஸ்ட் ஆச்சா?"

காலிப் பெட்டியை வெளியே அனுப்புவதற்கு முன்னால் செக்கர் உள்ளே போய் நிற்பான். வெளியே இருந்து கதவைச் சாத்துவார்கள். எங்காவது துரு அரித்துப் பொத்தல் இருந்தால் ஊசி மாதிரி வெளிச்சம் உள்ளே வரும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினால் திறப்பார்கள். தினமும் பகல் செக்கரும் ஒரு லோடுமேனும் பண்ணுகிற வேலை. அவர்கள் போய் நேரமாகிவிட்டது.

"ஆவல சார். காலைல..."

"இன்னும் வெளிச்சம் கீதே. வா, நானே சாத்தறேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அருள் பல்லைக் காட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டேன் என்றால் இன்னொரு தடவை சிரிப்பான், அந்தச் சிரிப்போடு சொன்னதெல்லாம் முடிந்துபோகும். உள்ளே போய்ப் பேசாமல் வெளியே வந்தால், அருளிடம் நாளைக்கு இன்னொரு தடவை, அவன் தனியாக இருக்கும்போது, பொறுமையாகச் சொல்லிப் பார்க்கலாம். மொஹ்சின் சட்டைப் பையில் சாக்பீஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தான். இரண்டு பக்கமும் நாலடுக்குக்கு ஏறி நின்ற பெட்டிகளுக்கு நடுவில் அவர்கள் மூன்று பேரும் போனார்கள். சூரியன் மணலிப் புகைக்குள் பாதி இறங்கியிருந்தது. பச்சைப் பெட்டிக்குள்ளிருந்து உப்புப் போட்ட தோல் நாற்றம் வந்தது.

உள்ளே ஏறினான். ஒரு கதவு சாத்தப்பட்டது. மற்றக் கதவின் இடைவெளியில் குமாரவேலின் முகமும், அவருக்குப் பின்னால் அருளின் கலர் சட்டையும் ஒரு கோடாகத் தெரிந்து, மறைந்தன. ரப்பர் விளிம்புகள் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டன. இருட்டு மொத்தமாக வந்தது. நிற்கிற இடத்தின் தரை கூடத் தெரியவில்லை.

மாடியில் போன் மணி அடிப்பது சன்னமாகக் கேட்டது. "நான் எடுக்கறேன் மச்சான்," என்று அருளின் குரல். கொஞ்சம் தள்ளிப் போய், "டாலரு எங்க மாத்தறது, பர்மா பஜார்லயா?" என்றது. அருளின் செருப்புச் சத்தம் ஓடிப் போய்ப் பெட்டிகளுக்குள் கரைந்தது.

கண் பழகியதும் கூரையின் மூலையில் ஒரு பொத்தல் தெரிந்தது. அதிலிருந்து ஒரு நூல் வெளிச்சம் சாய்ந்து இறங்கி அவன் முழங்கையில் பட்டது. மூடிய கையைத் திறந்து அதைப் பிடித்தான். உள்ளங்கையில் மிளகு அளவுக்குச் சிவப்பாக நின்றது, பார்க்கப் பார்க்க மங்கியது. அங்கே வட்டம் போட வேண்டும், ஆனால் கை எட்டாது. போதும் என்று கதவைத் தட்டினான். மறுபடி தட்டினான்.

வெளியே கதவுக் கம்பிகள் உருண்டு தாழ்ப்பாளில் விழுந்தன. லைட் டெஸ்டுக்குக் கதவைச் சாத்தினால் போதும், தாழ்ப்பாள் போடுவதில்லை. அதற்குப் பிறகு, அவசரமில்லாத ஒரு கை பூட்டை வளையத்தில் நுழைத்து அழுத்துகிற சத்தம்.