தொட்டி இல்லாத தெரு

…எங்கேதான் போட்டுத் தொலைப்பது இதை, பம்மலும் தாண்டியாயிற்று, ஸ்கூட்டரில் காலடியில் கருப்புப் பை, உள்ளே இரண்டு நாளாக என் வீட்டுக்காரருக்கு மாற்றிய டயப்பர்கள், நாற்றம் எனக்கு மட்டும்தான் அடிக்கிறதா, சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவன் ஏன் மூக்கைச் சுளித்தான்? தெருமுனையில் இருந்த குப்பைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், தொட்டி இல்லாத தெருவாம், நின்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டார்கள், வீட்டு வாசலுக்கே வண்டி வருமாம், வருகிறது மகராசி, எட்டு மணிக்கு. நான் ஏழே காலுக்குக் கிளம்பினால்தான் மறைமலை நகர் ஆபீஸ், அவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஆஷா ஒன்பதரைக்குத்தான் வருவாள், வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன மனிதரா எழுந்து வந்து பையைக் கொடுப்பார்? ஒருநாள் லீவு போட்டு நின்றேன், வண்டியோடு வந்த காந்தா பையைத் தூக்கிப் பார்த்தாள், "இன்னாக்கா இது, இத்த தனியா பேப்பர்ல சுத்தி, செவப்பா குறி போட்டுக் குடுக்கணும், கலந்து வாங்கினா சூப்பர்வைசர் என்னத்தான் கத்துவாரு." அவளைக் கோபித்து என்ன, கைவிட்டுப் பிரிப்பவள் அவள்தானே. சுற்றினேன், அங்கேதான் புத்தி புல் மேயப் போயிற்று, கையில் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொடுத்த தாள், 'சுகவீனமானவர்களுக்காக ஜெபிப்போம்', அதன் கீழே கொட்டை எழுத்தில் இவர் பெயர், தனசிங் சார், பொழிச்சலூர். மறுநாள் கேட்டில் மாட்டிவிட்டுப் போன பையை நாய் தெரு முழுக்க இழுத்துப் பரப்ப, அசோசியேஷன் சிட்டிபாபு அந்தத் தாளோடு சேர்த்துப் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார், 'படித்தவர்களே இப்படிச் செய்யலாமா?', கீழே பதினேழு கட்டைவிரல், அதில் பாதிப் பேர் இவரிடம் கணக்கு டியூஷன் படித்தவர்கள், அடப் பாவிகளா.

அவரும் போனில் பார்த்தார். அன்றிலிருந்து தம்ளரை நீட்டினால் உதட்டை மூடிக்கொள்கிறார், "வேணாம் ஈவ்லின், தாகமே இல்ல." தாகம் இல்லையாம், நாக்கு வெளுத்துக் கிடக்கிறது, டயப்பர் குறையட்டும் என்று இந்த மனுஷன்… டாக்டர் நேற்றுக் கத்தினார், இப்பவே யூரின்ல இன்ஃபெக்‌ஷன், தண்ணி குடிக்காட்டி கிட்னி போயிடும்மா என்று. கெஞ்சினேன், அழுதேன், இன்று கிளம்பும்போது என்ன சொன்னேன்? "குடிக்காதீங்க போங்க, எனக்கும் ஒரு பை மிச்சம்." நானா சொன்னேன்? நான்தான். அவர் தலையை ஆட்டினார், சரி என்பதுபோல.

ஏரிக்கரை. ஆளில்லை, குப்பை கொட்டினால் அபராதம் என்ற பலகைக்கு அடியிலேயே மலையாகக் கிடக்கிறது, வீசினேன், கை லேசாயிற்று, சீ, எவ்வளவு லேசு. பலகை மேல் யாரோ போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், முதியோர் இல்லம், படுத்த படுக்கையானவர்களையும் ஏற்றுக்கொள்வோம், கீழே போன் நம்பர். படித்தேன், சும்மாதான், கண்ணில் பட்டதைப் படிக்கக் கூடாதா? தாம்பரத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது, ஜெபம் என்றுதான் நினைத்தேன்… இல்லை, அந்தப் பத்து எண்கள், ஒன்றுகூட விடாமல், வரிசையாக.