ஹாட்லி துரையின் பின்சில்லு

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு நடக்கும் மலைப் பந்தயத்தில் ஓட வேண்டிய கார் அது. கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து, கட்டுக்கலையில் முனாப் முதலாளியின் கராஜில் நின்றது. உருளும்போது பின்சில்லு இரண்டும் ஆடின.

"குடிகாரன் மாதிரி ஆடுது, பாரு," என்று சொல்லிச் சிரித்தார் காரின் சொந்தக்காரர் ஹாட்லி துரை.

கராஜ் மெக்கானிக் லோரன்ஸ் சிரிக்கவில்லை. போன வருசம் இதே வாய்தான் அவனுடைய அண்ணன் யாகப்பரைக் குடிகாரன் என்றது. துரை இந்தக் காரைத் தோட்டத்து ரோட்டில் ஓட்டிப் பழகியபோது, வளைவில் ஹோர்ன் அடிக்காமல் வந்து யாகப்பரின் காலில் ஏற்றிவிட்டார். விசாரிக்க வந்தவர்களிடம், "குடிச்சிட்டு ரோட்டில கிடந்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். யாகப்பர் கள்ளுத்தவறணைப் பக்கமே போகாதவன். தோட்டத்துக் கோயிலில் பூசைக்கு மணியடித்தவன். கால் போனது, பேர் போனது, தோட்டத்தில் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போனது. இப்போது தம்பி வீட்டு மூலையில் பாயில் கிடக்கிறான். தம்பி யாரென்று துரைக்குத் தெரியாது.

லோரன்ஸ் சில்லுகளைக் கழற்றினான். பெயாரிங் குண்டுகள் பூச்சி அரித்த பல்லைப் போலக் குழி விழுந்திருந்தன. அச்சுகள் இரண்டும் நுனியில் தேய்ந்து, ஒன்றில் மயிரிழை போல வெடிப்பும் ஓடியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் விட்டால் போதும். ஏதாவது ஒரு வளைவில் சில்லு தன் பாட்டில் போய்விடும்.

அச்சைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். பிறகு பழைய இரும்புக் குவியலில் எறிந்தான். இரக்கத்தால் அல்ல. ஒரு நொடியில் செத்துப்போகிறவனுக்கு என்ன தெரியும்? யாகப்பருக்கு ஒவ்வொரு நாளும் விடிகிறதே.

கொழும்பிலிருந்து வந்த புது அச்சுகளைப் போட்டான். பெயாரிங்கை எண்ணெயில் சூடாக்கி இறக்கினான். நட்டைப் பிடித்த ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி, தன் பாரம் முழுவதையும் போட்டு இறுக்கி, நட்டு கழராமலிருக்க ஒரு கம்பிப் பின் போட்டு மடக்கினான்.

"சாமான் எல்லாம் சரியா ஈக்கா, லோரன்ஸ்?" என்று கேட்டார் முனாப்.

"சரிங்க, மொதலாளி."

அச்சு மாற்றியவனே முதல் ஓட்டம் ஓட்ட வேண்டும், வண்டியின் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தக் கராஜின் வழக்கம். பின்னால் குறை சொல்ல வாயிருக்காது என்பார் முனாப். துரை ஏறி உட்கார்ந்தார்.

கடுகண்ணாவை மலை இறக்கம் வரைக்கும் லோரன்ஸ் நிதானமாக ஓட்டினான். இறங்கத் தொடங்கியதும் வேகத்தைக் கூட்டினான்.

"யாகப்பர ஞாபகம் இருக்குங்களா, துரை?"

"எந்த யாகப்பர்?"

"கால் போனவன். எங்கண்ணன்."

துரை திரும்பிப் பார்த்தார். ஒரு வளைவு போனது.

"பின்சில்லு நட்டுக்கு ஒரு பின் போடணுங்க. போடலன்னா நட்டு தானாக் கழண்டுரும். போட்டேனான்னுதான் யோசிச்சுக்கிட்டே வாறேன்."

"நிப்பாட்டு."

"இப்ப பிரேக் புடிச்சா சில்லு போனாலும் போயிரும், துரை."

துரை கதவை இறுக்கிப் பிடித்தார். தோட்டத்துக்காக அவர் படித்த தமிழ் முழுவதும் கட்டளை. கெஞ்ச அவருக்கு வார்த்தை இல்லை. நிப்பாட்டு, நிப்பாட்டு என்றே சொல்லிக்கொண்டு வந்தார். சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு சிறுத்துப்போனது. இடது பக்கம் பள்ளம் வாயைத் திறந்து கிடந்தது.

"எங்கண்ணன் அன்னிக்குக் குடிச்சிருந்தானா?"

"இல்ல."

"சரியாக் காதுல விழல்லங்க."

"குடிக்க இல்ல. நான் ஹோர்ன் அடிக்க இல்ல."

லோரன்ஸ் மெதுவாக பிரேக்கை மிதித்தான். கார் ஆடாமல் அசையாமல் நின்றது. துரை இறங்கி, வாந்தியெடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.

மறுநாள் கராஜில் வந்து குதித்தார். முனாப் சில்லு மூடியைக் கழற்றிக் காட்டினார். நட்டு இறுக்கமாக, பின் மடங்கிய மடிப்போடு இருந்தது. "என்ன குறைன்னு சொல்லுங்க, துரை," என்றார் முனாப். வளைவில் தான் ஒப்புக்கொண்டதைச் சொல்லாமல் குறை சொல்ல வழியில்லாததால், துரை காரை எடுத்துக்கொண்டு போனார்.

நடந்ததைக் கேட்ட யாகப்பர், "துரை சொன்னத உன்னத் தவிர யாரு கேட்டா?" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பந்தயம் முடிந்த பிறகு முனாப் ஒரு செய்தி கொண்டுவந்தார். லோரன்ஸ் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான்.

"ஒவ்வொரு வளைவுலயும் மெதுவாக்கி, பின்சில்லக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாராம். எல்லாருக்கும் கடைசியா வந்தாராம். வெள்ளக்காரச் சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சாம். குடிச்சிட்டு வந்துட்டாரான்னு ஒருத்தர் கேட்டாராம்."

யாகப்பர் கையூன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"எல்லார் முன்னுக்குமா?"

"எல்லார் முன்னுக்கும்."

"இன்னொருக்காச் சொல்லு," என்றான். "ஆரம்பத்துல இருந்து சொல்லு."