குறைப்பதற்குக் கொஞ்சம் புகை

"ஏ.சி. உண்டா அங்கிள்?"

"இல்ல."

"ஃப்ரிட்ஜ்?"

"கரண்டே கிடையாது பிள்ளே. ஃப்ரிட்ஜ் வாங்கித் துணி மடிச்சு வைக்கவா?"

"கேக்காம விட்டா அடுத்த கேள்வி வராது அங்கிள். ஆப் அப்படி."

ஸ்ரீப்ரியா டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அடுத்ததற்குப் போனாள். கார், பைக், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார். திருவனந்தபுரம் மாவட்டத்தில் எந்த ஊர் எவ்வளவு புகை விடுகிறது, அதை எப்படிக் குறைப்பது என்று ஒரு திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒப்பந்தத்தில் ஆள் எடுத்திருந்தார்கள். அவள் நகரத்துக் கரமனைக்காரி. வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்பதற்காகப் பொன்முடிச் சரிவில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, லயங்களை, அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"அடுப்பு?"

"விறகு. காட்டுல பொறுக்குறது."

"அது கணக்கில வராது. மரம் திரும்ப வளரும்லா." திரையைக் கடைசியாக ஒருமுறை தட்டிவிட்டுச் சிரித்தாள். "எல்லாம் ஜீரோ. இன்னும் எத்தனையோ வருஷம் கழிச்சு எல்லாரும் எட்டணும்னு சொல்ற இடத்துல நீங்க இப்பவே இருக்கீங்க அங்கிள்."

வேலாயுதன் சிரிக்கவில்லை. "சரி, கரண்டு எப்ப வரும்?"

முன்பு கரண்ட் இருந்தது. எஸ்டேட்டின் பெயரில் ஒரே இணைப்பு. முதலாளி எஸ்டேட்டைக் கைவிட்டபோது கரண்ட் பில்லையும் கைவிட்டார். கம்பியைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். தனித்தனியாக இணைப்பு கேட்டவர்களிடம் நிலம் யார் பெயரில் என்று கேட்டார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது. மற்றவர்கள் டார்ச்சுக்குப் பழகிக்கொண்டார்கள். வேலாயுதனால் முடியவில்லை. காரணம் அவர் மனைவி தாசம்மாள்.

ஆலையின் தேயிலைத் தூசியும் வீட்டின் அடுப்புப் புகையும் சேர்ந்து அவள் நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தன. ஆக்சிஜன் மெஷின் ஓடாமல் அவளால் படுக்க முடியாது. மெஷினைத் தீராத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ்காரர்கள் சும்மாவே தந்தார்கள். அதைச் செருகக் கரண்ட் உள்ள ஒரு பிளக் பாயிண்டைத் தர அவர்களால் முடியவில்லை. ஆகவே அவள் நகரத்தில், சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் மகள் ஷாலுவின் ஒற்றை அறை வீட்டில் கிடந்தாள். மருமகன் பினுவுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. கெட்டவன் இல்லை. கரண்ட் பில் வந்தால் வாசலில் நின்று சத்தமாக வாசிப்பான், அவ்வளவுதான்.

"இங்க மூச்சு விடுறதுக்கே மீட்டர் ஓடுது. என்னைய வந்து கூட்டிட்டுப் போங்க" என்பாள் தாசம்மாள் போனில். வேறெதுவும் பேசமாட்டாள்.

"ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் ஒரு இடத்துக்கு சோலார் பிளான்ட் உண்டு அங்கிள்" என்றாள் ஸ்ரீப்ரியா. "எல்லா வீட்டுக்கும் கரண்டு. ஆனா எங்க போட்டா புகை நிறையக் குறையுமோ அங்கதான் போடுவாங்க. கீழ ரிசார்ட்ல ரெண்டு டீசல் ஜெனரேட்டர் ஓடுது. அவங்களுக்குத்தான் போகும்."

"புகை விடுறவனுக்குத்தான் கரண்டா?"

"குறைக்கணும்னா முதல்ல குறைக்க ஏதாவது வேணும்லா?"

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே உறைத்தது. டேப்லெட்டைப் பையில் வைத்தாள். "சர்வே இன்னும் முடியல. ஏதாவது சொல்ல விட்டுப்போயிருந்தா கூப்பிடுங்க. திரும்ப வந்து திருத்தலாம்."

வேலாயுதன் அவள் போனதும் செய்த முதல் காரியம், விட்டுப்போனதை உண்டாக்குவதற்கு வித்துராவுக்கு ஜீப் பிடித்தது.

வித்துராவில் செல்வகணேஷுக்கு மைக் செட்டும் பந்தல் விளக்கும் தொழில். கோயில் கொடைக்காலம் முடிந்து அவருடைய பழைய டீசல் ஜெனரேட்டர் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

"எதுக்கு வேய் உமக்கு? கல்யாணமா?"

"புகை விடணும்."

செல்வகணேஷ் முழுக்கதையையும் கேட்டார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "ஊரு பூரா புகையைக் குறை குறைன்னு சாகுது. அதை வாடகைக்கு எடுக்க வந்த ஒரே ஆளு நீருதான் வேய்."

"நல்லாப் புகை விடுமா?"

"போன கொடையில இது விட்ட புகையில சாமி பாதியிலயே மலையேறிட்டு. போதுமா?"

வாடகைக்கு லயத்தில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள். அடுத்த வீட்டு சுசீலாபாய், மகளின் பரீட்சைக்காவது வெளிச்சம் வரட்டும் என்று எல்லோரையும்விடக் கூடுதலாகப் போட்டாள். ஜெனரேட்டர் ஜீப்பின் பின்னால் கட்டப்பட்டு, ஒவ்வொரு ஊசி வளைவிலும் கவிழப் பார்த்து, மேலே வந்து சேர்ந்தது.

வேலாயுதன் கூப்பிட்டு ஸ்ரீப்ரியா இரண்டாவது தடவை வந்தபோது வளைவு திரும்புவதற்கு முன்பே அவளுக்குச் சத்தம் கேட்டிருக்கும்.

"இது எப்ப வந்தது அங்கிள்?"

"ரொம்ப நாளா உண்டு. நீ வந்தன்னைக்கு ரிப்பேர்."

அவள் தரையைப் பார்த்தாள். ஜெனரேட்டருக்கு அடியில் புல் இன்னும் பச்சையாக நசுங்கிக் கிடந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள்.

"டீசல் எவ்வளவு ஆகும்?"

ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். "குறைச்சு எழுதிராத மோளே" என்றாள் சுசீலாபாய். "எங்களுக்கு ஒரு குறையும் வேண்டாம்." அவர்கள் சொன்னவற்றிலேயே பெரியதை ஸ்ரீப்ரியா எழுதிக்கொண்டாள். அவளுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. அவளுடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது.

சரிபார்க்க அதிகாரிகள் வருவார்கள் என்பதால் ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்ப முடியாது. இருக்கிறதை ஓட்டாமல் வைத்து என்ன செய்வது? வேலாயுதன் நகரத்துக்குப் போய் தாசம்மாளையும் மெஷினையும் கூட்டிவந்தார். பொன்முடியில் சுற்றுலாக்காரர்கள் எறிந்துவிட்டுப் போகும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி அவர் வாங்கும் கூலியில் பாதி டீசலுக்குப் போனது. மற்ற வீட்டுக்காரர்கள் முடிந்ததைத் தந்தார்கள். ஆளுக்கொரு பல்பு எரிந்தது.

தாசம்மாள் வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சட்டியெல்லாம் ஒரே பிசுக்கு. நாய்கூட நக்காது." மூக்கில் குழாயோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் யார் பேசினாலும் கத்த வேண்டியிருந்தது.

"பினு பில்லு வாசிக்கிற சத்தமே தேவல" என்று கத்தினாள்.

"திரும்பப் போறியா?"

"போமாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் தூங்கினாள். வேலாயுதனும் ஜெனரேட்டர் சத்தத்தில் நன்றாகத் தூங்கினார். சத்தம் நின்றால்தான் விழிப்பு வந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் ஒரு வெள்ளைக் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. பின்னால் ஒரு லாரி. காரிலிருந்து ஸ்ரீப்ரியாவும், மாவட்டத் திட்டத்தை நடத்துகிற பத்மகுமாரும் இறங்கினார்கள். பத்மகுமார் நாஞ்சில் நாட்டுப் பூர்வீகம், நகரத்தில் பிறந்தவர். சந்தோஷத்தில் வேலாயுதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சேட்டா, இந்த லயம் செலக்ட் ஆயிட்டு. ரிசார்ட்டையே தோக்கடிச்சிட்டீங்க! ஆளுக்கு இத்தனை டீசல் வேற எங்கயும் இல்ல."

கைதட்டினார்கள். சுசீலாபாய் அழுதுவிட்டாள். லாரியிலிருந்து செல்வகணேஷ் இறங்கி வந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

"சோலார் சாமானம் லாரியிலயா சாரே?" என்றார் வேலாயுதன்.

"அது ரெண்டாம் கட்டம். முதல் கட்டம் டீசலை எடுக்கறது. அது இன்னைக்கே. எடுத்தாச்சுன்னா ரிப்போர்ட்ல இந்த லயம் நூறு சதமானம் குறைச்சாச்சு."

"ரெண்டாம் கட்டம் எப்ப?"

"நிலம் எஸ்டேட் பேர்ல இருக்கில்லே? ஓனர் ஒப்புக்கணும்."

"ஓனரு எங்க இருக்காருன்னே தெரியாது சாரே."

"அவரைக் கண்டுபிடிக்கறதும் பிளான்ல உண்டு" என்றார் பத்மகுமார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதற்கு ஒரு பிரிவு இருந்தது.

ஜெனரேட்டர் நின்றது. செல்வகணேஷ்தான் நிறுத்தினார். வேலாயுதன் அவர் சட்டையைப் பிடித்தார்.

"வாடகைக்குத்தானே வேய் குடுத்தீரு?"

"என் மெஷினு, நான் வித்தேன். புகை விடுற மெஷினக் குடுத்தா திட்டத்துல காசு உண்டாம். பழைய இரும்புக்கு இந்த விலை எவன் தருவான்? கையை எடும்."

உள்ளேயிருந்து ஆக்சிஜன் மெஷின் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. தாசம்மாள் குழாயைக் கழற்றிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்மகுமார் முகம் மாறியது. ஸ்ரீப்ரியாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இது சர்வேல இல்லையே?"

"ஆக்சிஜன் மெஷினுக்குக் கேள்வி இல்ல சார்."

மனிதர் இரக்கமில்லாதவர் இல்லை. இரக்கத்தோடுதான் சொன்னார்: "டீசல் புகை இவங்க நெஞ்சுக்கு விஷமாக்கும் சேட்டா. பார்க்கப்போனா இது இவங்க நல்லதுக்குத்தான்."

நான்கு பேர் ஜெனரேட்டரைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். வேலாயுதன் லாரிக்கு முன்னால் போய் நின்றார். "இறக்குங்க. எங்களுக்குத் திட்டமும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம்."

"இறக்கலாம்" என்றார் பத்மகுமார் மெதுவாக. "ஆனா இனி இங்க டீசல் ஓடினா லயம் முழுசும் லிஸ்ட்ல இருந்து போயிரும். பிறகு ரிசார்ட்டுக்குத்தான்."

யாரும் வேலாயுதனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. சுசீலாபாய் மட்டும் வந்தாள். வந்து அவர் கையைப் பிடித்தாள், லாரியின் முன்னாலிருந்து இழுப்பதற்காக.

"விடுங்கண்ணே. இதுவும் போச்சுன்னா பிறவு எவன் இந்த மேட்டுக்கு ஏறி வருவான்? ரெண்டாம் கட்டம் வந்தா எல்லாருக்கும்தானே. தாசம்மைக்கும்தானே."

"அது வர்ற வரைக்கும் அவ மூச்சப் பிடிச்சிட்டு இருக்கணுமா?"

சுசீலாபாய் பிடித்த கையை விடவில்லை. அவளுக்குப் பின்னால் மொத்த லயமும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. போட்ட காசும், புளுகிய புளுகும் எல்லோருடையதும்.

ஸ்ரீப்ரியா கிட்டே வந்தாள். "அங்கிள், நான் உள்ளதத்தான் எழுதினேன்."

"நீ உள்ளதத்தான் எழுதின. நாங்கதான் இல்லாதத கொண்டுவந்து வச்சோம்."

தாசம்மாளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. "வழியை விடுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. "அங்க நின்னா லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிருவான். அதுக்கும் ஒரு கட்டம் வச்சிருப்பானுவ."

வேலாயுதன் விலகினார். லாரி போனது.

பத்மகுமார்தான் அவசரமாக வழி கண்டுபிடித்தார். அவருடைய காரில் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. பேட்டரிக் கார். லேப்டாப், மிக்ஸி எது வேண்டுமானாலும் ஓடும் என்று அவரே சொன்னார். தாசம்மாளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, மெஷினைக் காலடியில் வைத்துச் செருகினார்கள். பீப் சத்தம் நின்றது. மெஷின் முணுமுணுத்தது. புகை இல்லை. கத்திப் பேச வேண்டிய தேவையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் உதட்டில் நிறம் திரும்பியது.

மகள் வீடு நகரத்தில் இருப்பதைச் சுசீலாபாய் சொன்னாள்.

"சாலைக் கடைத்தெருவுதானே? நானே கொண்டுவிடறேன். எத்தனை மணி நேரம் வேணும்னாலும் ஓடும்."

வேலாயுதன் காரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தைக் காலால் ஒருமுறை தட்டினார்.

"சாரே, இந்தக் காரை இங்க விட்டுட்டுப் போங்க."

பத்மகுமார் வாய்விட்டுச் சிரித்தார். "சேட்டனுக்குத் தமாஷ் நல்லா வருது."

வேலாயுதன் அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அதே குரலில் இன்னொருமுறை சொன்னார். "இங்க விட்டுட்டுப் போங்க." பத்மகுமார் ஸ்ரீப்ரியாவைப் பார்த்தார், அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். இருவரும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கார் நகர்ந்தது தெரியவே இல்லை, அவ்வளவு அமைதியான கார். தாசம்மாள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட் பெல்ட்டுக்கு அடியில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பினால் மூக்கிலிருந்து கழன்றுவிடும்.