நாற்பத்து மூன்றும் ஒரு சாணும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது என்று எழுதி, அடித்துவிட்டேன். பொய் என்றால் சொல்லும்போதே சொல்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்கு எனக்குத் தெரிந்திருந்ததா? அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறேன்.

இன்று செவ்வாய். மணி இரண்டு பத்து. ஐந்து மணிக்கு இந்த ஆட்டப் பருவத்தின் எண்கள் பூட்டப்படும், பிறகு மாற்ற முடியாது. அதற்குள் ஒரு திருத்தம் அனுப்ப வேண்டும், அல்லது அனுப்பாமல் இருக்க வேண்டும். ஒற்றை வரி மின்னஞ்சல். அதை எழுதாமல் இதை எழுதுகிறேன்.

கான்சஸ் மாநிலத்தின் ஒரு சிறிய கல்லூரியில் கால்பந்துப் புள்ளிவிவரங்களைக் காப்பவன் நான். எங்கள் ஊரில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது. ஒருவன் ஒவ்வொரு ஓட்டத்திலும் எத்தனை கஜம் முன்னேறினான் என்பதை எழுதிவைத்து, நான்கு ஆண்டுகளையும் கூட்டினால் ஓர் எண் வரும். அந்த எண்ணோடு அவன் பெயர் விளையாட்டுக்கூடச் சுவரில் ஏறும். அவன் செத்த பிறகும் அங்கேயே இருக்கும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"நவம்பரின் கடைசிச் சனிக்கிழமை, அறுவடை முடிந்த வயல்களைத் தாண்டி வந்த காற்று கொடிக்கம்பங்களை..." காற்றை வைத்துத் தொடங்குகிறவன் எதையோ ஒளிக்கிறான். விட்டுவிட்டேன்.

"புள்ளிவிவரக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மிகவும் நேர்மையான..." அவர் இல்லை. நான்.

மூன்றாவதில் வெறும் எண்கள்தான். அதுவே இருக்கட்டும். வெர்லின் ஹோஸ்டெட்லர், 1971 முதல் 1974 வரை, 3,846 கஜம். டெரெல் பெட்வே, கடைசி ஆட்டத்துக்கு முன்வரை, 3,729. சமன் செய்ய 117. முந்த 118.

[வெர்லின் கடைசி ஆண்டில், பருவம் முடிந்தபின் ஒரு கோப்பை ஆட்டத்தில் 131 கஜம் ஓடினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஆட்டங்கள் கணக்கில் சேராது. இப்போது சேரும். பழையதைத் திரும்பச் சேர்ப்பதில்லை. அந்த 131 கஜத்தை அவர் மைதானத்தில் ஓடினார், ஏட்டில் எங்கும் ஓடவில்லை. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.]

3

பத்திரிகையாளர் அறை மைதானத்துக்கு மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு விதி உண்டு: கை தட்டக் கூடாது. யாருக்காகவும். இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் தட்டியதில்லை.

என் இடப்பக்கத்தில் கார்லா ஷ்ராம். வாரநாட்களில் உயிரியல் ஆசிரியை. பத்தொன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் தொலைநோக்கியும் பென்சிலுமாக என் கண். அவள் பந்து விழுந்த இடத்தைச் சொல்வாள், நான் கணினியில் ஏற்றுவேன். அவளும் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொள்வாள். எங்கள் கணக்கில் பாதிக் கஜம் கிடையாது. பந்து இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் எந்தக் கோட்டுக்குக் கொடுப்பது என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசிக் கால்பகுதி. நாங்கள் இருபத்தொரு புள்ளி முன்னிலை. பெட்வே அதுவரை 115. பயிற்சியாளருக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு: சாதனை முறிந்த கணமே தொலைபேசியில் சொல்ல வேண்டும், அவர் பெட்வேயை வெளியே எடுத்துவிடுவார். ஏனென்றால் பின்னால் தள்ளி வீழ்த்தப்பட்டால் அந்தக் கஜங்கள் கழியும். முந்தியவன் மறுபடி ஓடினால் மறுபடி பிந்தலாம்.

நாற்பத்தொன்றாம் கோட்டிலிருந்து பந்து கிளம்பியது.

"இருபத்தெட்டுகிட்ட குடுத்துட்டாங்க," என்றாள் கார்லா. இருபத்தெட்டு பெட்வேயின் எண். "நடுவுல நுழையிறான்... மூணு பேரு மேல... விழுந்துட்டான். நாப்பத்திமூணும் கொஞ்சமும்."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான் லைல். என் தட்டுல நீ விட்டுவச்ச ரோல் அளவு."

(ஆட்ட நாட்களில் எங்களுக்கு பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் வரும். அவளுடைய ரோலில் பெரும்பகுதி என் வயிற்றுக்குள் போய்விடும்.)

நான் நாற்பத்து நான்கு என்று அடித்தேன். மூன்று கஜம். தொலைபேசியை எடுத்தேன்.

"வந்துடுச்சு."

கீழே உதவிப் பயிற்சியாளர் கத்தினார்: "நிஜமாவா? சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

"வந்துடுச்சுன்னு சொல்றேன்ல!"

ஒலிபெருக்கி அறிவித்தது. மைதானம் எழுந்து நின்றது. பெட்வே வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினான். எழுபதைத் தாண்டிய வெர்லின் படிகளில் மெதுவாக இறங்கிவந்து அவன் கையைப் பிடித்தார். எங்கள் அறையில் ஒரு சத்தமும் இல்லை. கார்லா தொலைநோக்கியை இறக்கவில்லை.

"அடுத்த தடவை பந்து எங்கேருந்து கெளம்புதுன்னு பாரு," என்றாள்.

நான் பார்க்கவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை ஒளிப்பதிவைப் பார்த்தேன். பதினோரு முறை. பந்தின் மூக்கு நாற்பத்து மூன்றைத் தாண்டி ஒரு சாண் இருக்கும். யார் பார்த்தாலும் இரண்டு கஜம்தான். 117. சமன்.

சமன் ஒன்றும் அவமானம் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்துப் பார்த்தேன். பிறகு ஒளிப்பதிவின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஆட்டம் முடிய எட்டு நிமிடம் நாற்பது நொடி இருந்தது. எதிரணி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை பந்தைக் கொடுத்திருந்தால் அவன் ஒரு கஜம் ஓடியிருக்க மாட்டானா? என் அவசரம் அவனுக்கு ஒரு கஜம் கொடுத்தது என்று முதலில் நினைத்தேன். அது அவனிடமிருந்து எட்டு நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டது. இனி அவனுக்கு ஆட்டமே இல்லை. ஜனவரியில் விச்சிட்டாவில் விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு

இந்த வாக்கியத்தை முடிக்க நான்கு முறை முயன்றேன். முடிக்காமலே விடுகிறேன். அதற்குப் பதில் இது: மற்ற வீரர்கள் தங்கள் எண்களைத் தொலைபேசியில் பார்த்துக்கொள்வார்கள். பெட்வேக்குத் தாள் வேண்டும். நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயம் முடிந்து என் அலுவலகத்துக்கு வருவான். விரலை வைத்து ஒவ்வொரு ஓட்டமாகப் படிப்பான்.

"லைல், இது நாலு இல்ல, மூணு. வழுக்கிட்டேன்."

"போடா, எனக்கே கணக்கு சொல்லித்தர்றியா?"

"சொல்லித்தர வேண்டியிருக்கே! கண்ணாடிய மாத்துங்க மொதல்ல."

நான்கு ஆண்டுகளில் அவன் தன் எண்ணைக் கூட்டச் சொன்னதே இல்லை. குறைக்கத்தான் சொல்வான். பெரும்பாலும் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும். அவனுக்கு நான் கை தட்ட விரும்பினேன். கை தட்டக் கூடாத இடத்தில் ஒரு கஜத்தைத் தட்டிவிட்டேன்.

இந்த ஞாயிறு அவன் வரவில்லை. ஊரே அவனை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கும். அது எதற்கும் சாட்சி இல்லை.

4 (மறுபடி)

முதல் வரைவில் வெர்லினை ஒரு கசப்பான மனிதராக எழுதியிருந்தேன். சாதனை போன அன்று சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவராக. அப்படி ஒருவர் இருந்தால் கதை எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவருக்காகத் திருத்துகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அவர் நேற்று ஒரு பை நிறைய பெக்கன் கொட்டைகளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கோதுமைக் கிடங்கை நடத்தி ஓய்வு பெற்றவர். உட்காருவதற்கு முன் நாற்காலியைத் தட்டிப் பார்ப்பார்.

"நல்லா ஓடினான் அந்தப் பையன்," என்றார்.

"ஆமா, மிஸ்டர் ஹோஸ்டெட்லர்."

"என் சீட் எதுன்னு உனக்குத் தெரியுமா லைல்?"

"தெரியாதுங்க."

"பன்னெண்டாவது வரிசை. முப்பத்தொரு வருஷமா அதே சீட்டு. அந்த நாப்பத்திநாலாம் கோடு நேரா என் முழங்காலுக்கு வரும்."

நான் பையைப் பிரித்துப் பார்ப்பதுபோல் குனிந்தேன்.

"கடைசி ஓட்டம் எத்தனைன்னு போட்ட?"

சுவரில் வெப்பக்குழாய் இரண்டு முறை டொக் டொக் என்றது. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள்.

"மூணு," என்றேன்.

"சரி."

எழுந்தார். கோபம் இல்லை. நான் அவர் முகத்தில் அதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"கொட்டைய வறுத்துச் சாப்பிடு. பச்சையா தின்னா தொண்டையில சிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு இப்போது ஒரு பாதிப் பதில் இருக்கிறது. சனிக்கிழமை எனக்குத் தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை தெரிந்திருந்தது.

5

மணி நான்கு. கார்லா பள்ளியிலிருந்து அழைத்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"என் தாள்ல ரெண்டுன்னு இருக்கு. பென்சில்தான். என்கிட்ட ரப்பரும் இருக்கு."

"அழிச்சுடுவியா?"

"நீ சொன்னா அழிக்கிறேன். ஆனா உன் வாயால சொல்லு. பத்தொம்பது வருஷத்துல நீ கேட்டு நான் எதையும் அழிச்சதில்ல, ஞாபகம் வச்சுக்கோ."

நான் தொலைபேசியை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. தவளை அறுத்த பாத்திரங்களை யாரோ கழுவும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. பிறகு பள்ளி மணி அடித்தது, போய்விட்டாள்.

6

முடிவுகள்.

முதல் முடிவு: திருத்துகிறேன். சுவரில் இரண்டு பெயர்கள், ஒரே எண். ஊர் பெட்வேயிடம் கேட்கும், அந்த ஒரு கஜம் எங்கே போச்சு என்று. அவன் பதில் சொல்லிக்கொண்டே இருப்பான், விச்சிட்டாவில், தொழிற்சாலை உணவு இடைவேளையில். என் பெயர் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது: திருத்தவில்லை. ஐம்பது வருடம் கழித்து இன்னொருவன் 3,847-ஐத் துரத்துவான். இல்லாத ஒரு கஜத்துக்காக உண்மையான கால்கள் ஓடும். வெர்லின் ஒவ்வொரு பருவமும் பன்னிரண்டாம் வரிசையில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது முடிவில் பெட்வே கதவைத் தட்டி உள்ளே வருகிறான். தாளில் விரலை வைத்து, "லைல், இது மூணு இல்ல" என்கிறான். இதை முழுதாக எழுதி முடித்தேன். நன்றாக வந்திருந்தது. அதனால்தான் கிழித்தேன். நான் சொல்ல வேண்டியதை அவன் வாயில் போட்டிருந்தேன். ஒருமுறை அவனுக்கு ஒன்றைக் கொடுத்துக் கெடுத்தாயிற்று. போதும்.

ஆனால் நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை தூக்கிப் பார்க்கிறேன். கதைக்குள் வரவிடாமல் நான் தடுத்தவனையே வாசலில் எதிர்பார்க்கிறேன்.

7

மணி நான்கு ஐம்பத்திரண்டு. மின்னஞ்சலைத் திறந்து இவ்வளவு அடித்திருக்கிறேன்:

டெரெல் பெட்வே, நான்கு ஆண்டு மொத்தம்: 3,84

கடைசி இலக்கம் இல்லை. ஆறு அல்லது ஏழு. நடுவில் ஒன்றும் கிடையாது, எங்கள் கணக்கில் பாதி இல்லை என்று முன்பே சொன்னேன்.

கார்லா பார்த்ததைச் சொல்லிவிட்டேன். வெர்லின் கேட்டதைச் சொல்லிவிட்டேன். ஒளிப்பதிவில் இருந்ததையும் கடிகாரத்தில் மீதி இருந்ததையும் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். மேலே பத்திரிகையாளர் அறையில், கண்ணாடிக்குப் பின்னால், என் பக்கத்து நாற்காலி இன்று காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள். அந்த இலக்கத்தை அடியுங்கள்.

ஒன்று மட்டும்: அந்த அறையில் கை தட்டக் கூடாது.