மேலே இருந்த வரி

ஆஸ்பத்திரியில் நாற்பத்திரண்டு யூனிக்ஸ் கணினிகள். எல்லாவற்றிலும் ஒரே முகவரிக் கோப்பு: இடப்பக்கம் ஒவ்வொரு கணினியின் எண், வலப்பக்கம் அதன் பெயர். எண்களை யார் மனப்பாடம் செய்வது? 'வார்டு3' என்று தட்டினால் கணினி கோப்பைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளும். மூலப் பிரதி என்னிடம். நான் திருத்தி, மற்றவற்றுக்கு நகல் அனுப்புவேன். வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். சட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரி.

என் நாத்தனாருக்கு அங்கேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக வேலை. முடிவுகளை வார்டுகளுக்குக் கணினி வழியாக அனுப்புவாள். மூன்று நாளாக மூன்றாம் வார்டுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. ஓர் அறுவை சிகிச்சையே தள்ளிப்போனது. நிர்வாகி கூப்பிட்டு விசாரித்தார். "நான் அனுப்பிட்டேன் சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பொய் வேறா என்று மெமோ கொடுத்தார். வேலையில் வைத்திருப்பதா வேண்டாமா என்று திங்கட்கிழமை சொல்வாராம்.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது என்னிடம் கேட்டாள்.

"அண்ணி, மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும். கொஞ்சம் பாருங்களேன்."

"மெஷின் பொய் சொல்லாது. அனுப்பாமலே அனுப்பிட்டதா நெனச்சிருப்ப. அடுப்ப அணைச்சேன்னு சொல்லிட்டு எத்தன தடவ எரியவிட்டுட்டுப் போயிருக்க?"

என் கணவர் சிரித்தார். அவள் பாதியில் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள். எனக்கும் கொஞ்சம் சிரிப்புதான்.

வெள்ளிக்கிழமை மதியம் வேறொரு கணினியைச் சேர்க்க முகவரிக் கோப்பைத் திறந்தேன். 'வார்டு3' இரண்டு இடத்தில் இருந்தது. கீழே இருந்தது, போன திங்கட்கிழமை மூன்றாம் வார்டுக் கணினியை மாற்றியபோது நான் எழுதிய புது எண். மேலே, நான் அழிக்க மறந்த பழைய எண். கணினி மேலிருந்து படிக்கும். பெயர் முதலில் எங்கே வருகிறதோ அதோடு சரி, கீழே எட்டிக்கூடப் பார்க்காது. இது எனக்குத் தெரியாததா? புது எண்ணைச் சோதித்தும் பார்த்தேனே! ஆனால் எண்ணைத் தட்டித்தான் சோதித்தேன். பெயரைத் தட்டியிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

காலியாகிவிட்டதென்று அந்தப் பழைய எண்ணை, வார்டுகளுக்கு மாற்றாகக் கிடங்கில் வைத்திருந்த கணினிக்குக் கொடுத்திருந்தேன். ஓடிப்போய் அதைத் திறந்தேன். ஐம்பத்தெட்டு முடிவுகள். ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்துக்கு, நிமிடம் பிசகாமல் அனுப்பப்பட்டிருந்தது.

அந்த வரியை அழித்தேன், நாற்பத்திரண்டுக்கும் நகல் அனுப்பினேன். அரை மணியில் மூன்றாம் வார்டுக்கு முடிவுகள் வரத் தொடங்கின. நிர்வாகி என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பாத்தீங்களா, மெமோ குடுத்ததும் வேலை நடக்குது. ஆனா பொய் சொன்னத மட்டும் என்னால விட முடியாதும்மா. உங்க வீட்டுப் பொண்ணுதான், தப்பா எடுத்துக்காதீங்க."

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. பதினோரு வருடப் பெயர். அவளுக்கென்ன, சின்ன வயசு, வேறு வேலை கிடைக்காதா? இப்படி நினைத்ததற்காக என்மீதே எனக்கு அருவருப்பு வந்தது.

"சார், அவ பொய் சொல்லல. தப்பு என்னோடது" என்று கிடங்குக்கு அழைத்துப்போய் ஐம்பத்தெட்டையும் காட்டினேன். அவர் முகம் சுண்டியது. அன்று மாலையே மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்கு ஒன்று வந்தது.

நாத்தனாரும் நானும் ஒன்றாகத்தான் பஸ்ஸுக்கு நடந்தோம். மன்னிப்புக் கேட்டேன். வரியை அழிக்க மறந்ததை விலாவாரியாகச் சொன்னேன்.

"மறதி எல்லாருக்கும் வரும் அண்ணி, அத விடுங்க" என்றாள். "முன்னப்பின்ன தெரியாத நர்ஸ் ஃபோன்ல கேட்டாகூட உடனே ஓடிப்போய் மெஷினப் பாக்கறீங்க. நான் எதுர்ல உக்காந்து கேட்டேன். நீங்க பாக்கவே இல்லியே."