ஒரு மணி நேரத்தைத் திருடியவன்

சேவலை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

கதை பழையது. ஓர் ஊரில் அரண்மனைச் சேவல் ஒருநாள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கூவிவிடுகிறது. ஊரே அடித்துப் பிடித்து எழுந்து இருட்டில் நிற்கிறது. ஒருவன் மட்டும் தூங்குகிறான். அரண்மனைச் சேவலை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாருடைய தூக்கமும் காணாமல் போயிருக்கிறதே, அது யாரிடம் இருந்தது? அவனிடம். ஆகவே அவன்தான் திருடன். சபை கூட்டி விசாரித்து, திருடிய தூக்கத்தை ஊருக்குத் திருப்பித் தரும்வரை அவன் கண்ணை மூடக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சின்ன வயதில் இதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், இது சிரிக்கிற கதை மட்டும் இல்லை என்று புரிந்தது.

அதைப் படமாக எடுக்கத்தான் அந்த வேலையை விட்டேன். கையில் இருந்த ஒரே தயாரிப்பாளர் கஜபதி. பூந்தமல்லியில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், சினிமா ஆசை விடாதவர். கதையைக் கேட்டுவிட்டு வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"அரமன, சேவலு எல்லாம் வாணாம்மா. இப்ப நடக்கற மாதிரி மாத்து. அந்த விசாரணை சீன மட்டும் எட்துக்கினு ஞாயித்துக்கெழம வா. பாக்கறப்போ எனக்குச் சிரிப்பு வரணும், அப்பால கோவம் வரணும். ரெண்டும் வந்துச்சா, படம் உன்னுது. வர்லையா, லேப்டாப்பாண்டயே பூடு."

லேப்டாப்பும் எனக்காகக் காத்திருந்தது. என் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, திங்கட்கிழமை வந்து உட்காரலாம் என்று மேலாளர் பெருந்தன்மையாகச் செய்தி அனுப்பியிருந்தார். அந்தப் பெருந்தன்மையைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேவலைச் செல்போன் அலாரம் ஆக்கிப் பார்த்தேன். நன்றாக இல்லை. சபையைக் கறுப்புத் துணி கட்டிய அறை ஆக்கினேன். நீதிபதிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன், புகை இயந்திரம் வாடகைக்குச் சொன்னேன். எழுதியதைப் படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. அந்த லட்சணத்தில், நீதிபதியாக நடிக்க வேண்டியவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சீரியலில் மாமனார் வேடம் கிடைத்து ஓடிவிட்டார்.

படப்பிடிப்பு சனிக்கிழமை, நான் குடியிருக்கும் நூம்பல் அடுக்குமாடியின் பொது ஹாலில். கதாநாயகன் பாபு. அம்பத்தூர்க்காரன், கால் டாக்ஸி ஓட்டுகிறான், தெருக்கூட்டங்களில் நாடகம் போடுகிறான். ஒரு தப்பும் செய்யாமலேயே மாட்டிக்கொள்கிற முகம் அவனுக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்து விளக்குகளை நிறுத்தி வைத்துவிட்டு, ஹாலிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டான்.

எங்கள் அடுக்குமாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதி வீடுகளில் என்னைப் போல எங்கிருந்தோ வந்த ஐ.டி. ஆட்கள். ஆனால் குடியிருப்போர் சங்கம் இருப்பது, ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வந்தவர்களின் கையில். தலைவர் மனோகரன். செயலாளர் கலியமூர்த்தி. இருவரும் தொழிற்சாலைச் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்கு வீடு திரும்பிய மனிதர்கள். சங்கு இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. போன வருடம் ஒரு வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்ததைச் சாக்காக வைத்து மொட்டை மாடியில் ஒரு சங்கைப் பொருத்திவிட்டார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அது ஊதும். எல்லாரும் கீழே இறங்கி வாகனம் நிறுத்துமிடத்தில் நிற்க வேண்டும். வராதவர்களுக்கு மெமோ. ஆமாம், வீடு வாங்கிக் குடியிருக்கிறவர்களுக்கு மெமோ! நாங்களும் வாயை மூடிக்கொண்டு விளக்கம் எழுதிக் கொடுப்போம். கோடையில் தண்ணீர் லாரி எந்த பிளாக்குக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்பவர் மனோகரன்.

அந்தச் சனிக்கிழமை சங்கு ஊதியது. எல்லாரும் இறங்கினோம். கும்மிருட்டு. என் போனைப் பார்த்தேன், ஐந்து மணி. பக்கத்தில் மைதிலியும் போனைப் பார்த்தாள். கோயம்புத்தூர்ப் பெண், ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் படுத்திருக்கிறாள். எல்லார் கையிலும் போன் மினுங்கியது. எல்லாவற்றிலும் ஐந்துதான். எல்லாரும் மனோகரனைத் திரும்பிப் பார்த்தோம்.

மனோகரன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, முள்ளைத் திருகி ஆறில் வைத்துக்கொண்டார்.

"சங்கு ஊதிடுச்சு. ஆறு" என்றார்.

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் எல்லாரும் நின்றார்கள். அப்போது யாரோ ஹால் கதவைத் திறந்தார்கள். உள்ளே பாபு, வாயைத் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். கோபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

"நாமெல்லாம் இங்க நின்னு சாகறோம், இவன் மட்டும் எப்படித் தூங்கறான்?"

கூப்பிட்டார்கள், எழவில்லை. அவனைச் சுற்றி நின்றார்கள். நான் சொல்வது அத்தனையும் நிஜம். ஒரு முழு அடுக்குமாடி, தூங்குகிற ஒருவனைச் சுற்றி வளையமாக நின்று முறைத்துக்கொண்டிருந்தது. நிஜமாகவே மணி ஆறானபோது அவன் போனில் அலாரம் அடித்தது. எழுந்து உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தான்.

"இன்னாக்கா," என்றான் என்னிடம், "அதுக்குள்ள இம்மாம் ஜனத்த வரச் சொல்லிட்டியா?"

காப்பி குடித்துவிட்டு ஹாலில் விசாரணை என்று மனோகரன் அறிவித்தார். ஹாலில் என் விளக்குகள், என் கேமரா, ஒரே ஒரு நாள். கெஞ்சினேன்.

"விசாரணை முடியட்டும் அகல்யா. அப்புறம் உன் ஷூட்டிங்கை வெச்சுக்க."

"சார், அவன் இந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கலை!"

"அதையும் விசாரிப்போம்."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டு மூட்டையைக் கட்டலாம் என்று ஹாலுக்குள் போனேன். நீதிபதிக்காகக் கஜபதியின் மண்டபத்திலிருந்து கொண்டுவந்த பெரிய மாப்பிள்ளை நாற்காலியில் மனோகரன் உட்கார்ந்திருந்தார். எதிரே பாபு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சுற்றிலும் தூக்கம் கெட்ட முகங்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை மாதம் ஊரெல்லாம் தேடிய சேவல் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறது!

அப்போதுதான் வந்த கேமராக்காரரிடம் புகை இயந்திரத்தை ஓரமாக ஒதுக்கச் சொன்னேன். கறுப்புத் துணியைப் பிய்த்து எறிந்தேன். நேராக மனோகரனிடம் போனேன்.

"சார், இந்த விசாரணையையே படமா எடுத்துக்கட்டுமா? அப்படியே படத்தில் வரும். யாருக்காவது வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"எடும்மா. ஒழுங்குன்னா என்னன்னு நாலு பேர் பார்க்கட்டும்" என்றவர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மற்றவர்களும் தலையைக் கோதிக்கொண்டார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

கேமரா ஓடியது.

"சங்கு ஊதினப்போ என்ன பண்ணிட்டிருந்த?"

"தூங்கிகினு இருந்தேன் சார்."

"எல்லாரும் எழுந்திருக்காங்க. நீ மட்டும் ஏன் எழலை?"

"ஆறு மணிக்கு எழுந்துக்கணும்னு அக்கா சொல்லிச்சு. நா கரீட்டா ஆறுக்கு எழுந்தேன் சார். நீங்கதான் அதுக்கு முன்னாடியே வந்து என்னச் சுத்தி நின்னுகினு இருந்தீங்க."

"அவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் சேர்த்துத் தூக்கம் கிடைச்சிருக்குங்க," என்றாள் மைதிலி. சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. "அது எங்களுக்குக் கிடைக்க வேண்டியதுங்க."

நான் எழுதிக் கிழித்ததில் ஒரு வரிகூட இவ்வளவு நன்றாக இல்லை.

அப்போது மனோகரனின் மனைவி சரசா கணவருக்குக் காப்பியோடு உள்ளே வந்தார். கொஞ்சநேரம் நின்று கேட்டார்.

"எதுக்குங்க இவ்வளவு பேச்சு? சங்குக்கு யார் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வெச்சீங்க? நம்ம வீட்டுதுதானே? அது கல்யாணம் ஆன நாள்லேருந்து அரை மணி முன்னாடிதானே ஓடுது? ஃபேக்டரி கேட்டை மூடிடுவாங்கன்னு நீங்கதானே திருப்பி வெச்சீங்க?"

கலியமூர்த்தி மெதுவாக எழுந்தார்.

"நேத்து கரண்ட் போய்ச் சங்கோட நேரம் அழிஞ்சுபோச்சு. தலைவர் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திருப்பி வெச்சேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னு... நானும் ஒரு அரை மணி முன்னாடி தள்ளி வெச்சேன். குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் அப்படித்தானே வைப்போம்?"

சிரிப்பு வெடித்தது. மனோகரன் சிரிக்கவில்லை. காப்பியை ஒரு வாய் குடித்தார், டம்ளரை வைத்தார்.

"சங்கு தப்பா இருக்கலாம்," என்றார். "ஆனா ஊதினப்போ எல்லாரும் எழுந்தாங்க. இவன் எழலை. அது தப்பா இல்லையா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். யோசித்தார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, தப்புதான் என்று தலையை ஆட்டினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. மைதிலிகூட ஆட்டினாள்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணி நேரம், இவன் கேட்டாண்ட கண் அசராம நின்னு காவல் காக்கணும். இது தீர்ப்பு."

கேமரா பாபுவின் முகத்துக்குப் போனது. அவன் நடிக்கவே இல்லை. "அப்போ நா எப்போ சார் தூங்கறது?" என்றான்.

"கட்!" என்று கத்தினேன்.

அந்த ஒரு சொல்லுக்கு ஹாலே கட்டுப்பட்டது. மனோகரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நேரம் இருந்த விறைப்பு போய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"நல்லா வந்துச்சாம்மா?"

"பிரமாதம் சார்."

"அப்போ தீர்ப்பு?"

"அது படத்தோட சரி," என்றார் சரசா, பாபுவின் கையைப் பிடித்தபடி. "வாப்பா, இட்லி ஆறுது."

ஞாயிற்றுக்கிழமை கஜபதி தன் மண்டபத்து அலுவலக அறையில் பார்த்தார். சரசா காப்பியோடு வந்த இடத்தில் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் நீர் வந்தது. எல்லாரும் தலையாட்டிய இடத்தில் சிரிப்பு நின்றது. தீர்ப்பு வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"இன்னா அநியாயம்மா இது! ஒருத்தனாச்சும் கேக்கறானா பாரு! அந்தப் புள்ளய உட்டாங்களா இல்லியா?"

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன்!

"முழுப் படத்துல பாருங்க சார்" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "கெட்டிக்காரிதான் நீ. எப்போ ஆரம்பிக்கற?"

வெளியே வந்து, சாலையோரத்திலேயே நின்று மேலாளரை அழைத்தேன். என் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நானும் பெருந்தன்மையாகச் சொன்னேன். சிரிப்பு தாங்கவில்லை. பேருந்துக்காக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

நீதிபதி வேடத்துக்கு வேறு யாரையும் தேடவில்லை. முதல் நாள் படப்பிடிப்பு காலை ஆறு மணிக்கு என்று மனோகரனிடம் சொல்லியிருந்தேன். நான் கொஞ்சம் முன்பாகவே, பெருமையோடு, ஹாலுக்குப் போனேன். உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மனோகரன் போன் போட்டு வரவழைத்திருந்த கேமராக்காரர் முதல் ஒப்பனைக்காரர் வரை எல்லாரும் கண் சிவக்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் பாபு மட்டும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்ப யாருக்கும் துணிச்சல் இல்லை.

மாப்பிள்ளை நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையில், மனோகரன். அன்றைக்குத் திருகி வைத்த கடிகாரத்தை அவர் இன்னும் மாற்றவில்லை. அதை என் முன்னால் நீட்டினார், அதில் ஏழாகப்போகிறது.

"டைரக்டர் லேட். விளக்கம் எழுதிக் குடு."

ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். கம்பெனியில் எத்தனையோ விளக்கம் எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றும் கூனிக் குறுகி எழுதியது. இதைச் சுவரில் வைத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்: படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கீழே, இயக்குநர் அகல்யா என்று கையெழுத்துப் போட்டேன்.