வெள்ளிக்கிழமை ஏறும் கோடு

அந்தக் கோடு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏறியது.

மற்ற நாட்களில் ஐம்பதில் அசையாமல் படுத்துக் கிடக்கும். வெள்ளி காலை ஆறு பத்துக்கு எழும்பி, பத்து மணிக்குள் அறுபத்துமூன்றைத் தொட்டுவிடும். பிறகு மெல்ல இறங்கி, ஞாயிறளவில் பழையபடி ஐம்பது. மூன்று கிழமையாக இதே கூத்து. கண்ணாடிப் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு மானி இருந்தது. கால் மணிக்கொரு தடவை ஈரப்பதத்தைச் சதவீதத்தில் அளந்து கோடாகப் போடுவது அதன் வேலை. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்தே மதிவதனனுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது.

சுவிஸ் நாட்டின் துன் ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் அவன் தொழில்நுட்ப உதவியாளன். ஸ்பெயினிலிருந்து நான்கு நாடுகளுக்குப் பயணம் வந்திருந்த கண்காட்சிக்குப் பெட்டிகளைப் பொருத்தியவன் அவன்தான். அதில் நடுநாயகமாக நின்றவள் ஒரு மாதா, நானூறு வருடத்து மரச்சிற்பம். செதுக்கியது ஸ்பானியக் கை, பொன்வேலை செய்தது பிளெமிஷ் கை. இரண்டு நாட்டுக்கும் சொந்தமானவள் என்று சுவரில் எழுதியிருந்தார்கள்.

ஈரம் கூடினால் மரம் ஊதும். மேலே பூசிய சுண்ணமும் வர்ணமும் மரத்தோடு சேர்ந்து ஊதாது. ஊதாதது வெடிக்கும், வெடித்தது செதிலாக உதிரும். அதனால்தான் ஒப்பந்தத்தில் ஈரப்பதம் ஐம்பத்தைந்துக்கு மேல் போகக்கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சிற்பத்தைக் கவனிக்க ஸ்பெயினிலிருந்து கூடவே வந்திருந்த சென்யோரா ஒலாயா திங்கட்கிழமை கோட்டைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"வெள்ளி ஆறு மணிக்கு இந்தப் பெட்டியைத் திறப்பது யார்?"

பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம். மற்றது மதிவதனனின் இடுப்பில்.

"இன்னொரு வெள்ளி இப்படி ஏறினால் மாதாவைத் திருப்பிக் கொண்டுபோவேன். காரணமானவரின் பெயர் அறிக்கையில் வரும்."

கண்காட்சி முடிந்ததும் நிரந்தர வேலை என்று வாய்ச்சொல் தந்திருந்தார்கள். எங்கடின் மலைப்பகுதி ஹோட்டல் சமையலறைகளில் பதினொரு வருடம் சட்டி கழுவி, படித்து, பிடித்த வேலை இது. பெறுமதியான மாதாவைக் கெடுத்தவன் என்று பெயர் விழுந்தால் எந்த அருங்காட்சியகம் அவனை வாசலில் விடும்?

அவன் ரப்பர் விளிம்பை மாற்றினான். ஊதுபத்திப் புகையைக் கண்ணாடி ஓரமாகப் பிடித்துப் பார்த்தான். புகை உள்ளே இழுபடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மூச்சோ என்று யோசித்தான். ஆறு பத்துக்கு எந்தப் பிள்ளை வரும்?

வியாழன் பின்னேரம் வேறொன்று தோன்றியது. பெட்டியின் பீடம் உள்ளே வெறுமையான அறை, முன்பக்கம் ஒரு சின்னக் கதவு. அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் நிரப்பிய நான்கு தட்டுகள். சின்ன விசிறி ஒன்று அந்த அறையின் காற்றைத் துளைகள் வழியாக மேலே மாதாவுக்கு அனுப்பும். தண்ணீர் குடித்த மணி பாரம் கூடும் அல்லவா? தட்டுகளை எடுத்து நிறுத்துப் பார்த்தான். பின்னாலிருந்தவை இருபது கிராம் கூடியிருந்தன. கதவோரம் இருந்தது தொண்ணூறு.

ஈரம் மேலே கண்ணாடியால் வரவில்லை. கீழே, கதவுப் பக்கத்திலிருந்து வருகிறது.

அந்தக் கதவுக்குப் பூட்டில்லை. வரைபடத்தில் பூட்டு இருந்தது. கிழமைக்கொரு தடவை முழங்காலில் நின்று சாவி போடுவது கரைச்சல் என்று காந்தம் வைத்தவன் அவனேதான்.

வெள்ளி அவனுக்கு ஓய்வுநாள். ஆனாலும் ஆறு மணிக்கு முன்பே வந்து, விளக்குப் போடாமல், தூணுக்குப் பின்னால் வாங்குப் பலகையில் குந்தினான். துப்புரவு நேரமாதலால் எச்சரிக்கை மணி நிறுத்தியிருக்கும். வெளிச்சம் இல்லாத மண்டபத்தில் மாதாவின் கண்ணாடிக் கண்கள் மட்டும் மினுங்கின. கள்ளன் என்றால் கத்தியோடு வருவானோ? கத்தினால் யாருக்குக் கேட்கும்?

தள்ளுவண்டியின் சில்லுகள் உருளும் சத்தம் வந்தது. நின்றது. ஓர் உருவம் பீடத்தின் முன் முழங்காலிட்டது. காந்தம் 'டிக்' என்று விட்டது.

மதிவதனன் எழும்பினான். வாங்கு கிரீச்சிட்டது.

"ஐயோ! ஆரடா அது!"

குரலைக் கேட்டதும் அவனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. துப்புரவு வேலை செய்யும் இராஜேஸ்வரி அக்கா.

"நான் அக்கா, மதி!"

"இருட்டுக்கை ஒளிச்சிருந்து என்னடா செய்யிறாய்? என்ரை உயிர் போட்டுது!"

"எனக்கு மூண்டு கிழமையாப் போய்க்கொண்டிருக்கு. கையிலை என்ன?"

அவன் கைபேசி வெளிச்சத்தில் ஓர் அகன்ற சில்வர் கிண்ணம் தெரிந்தது. நிறையத் தண்ணீர், மேலே இரண்டு மஞ்சள் துலிப் இதழ்கள். தண்ணீரிலிருந்து ஆவி எழும்பியது.

"சுடுதண்ணியோ?"

"இளஞ்சூடு. இந்தக் குளிருக்கை பச்சைத்தண்ணி வைக்கலாமோ? கண்ணாடிக்கை அடைச்சுப்போட்டாங்கள், அவவுக்குத் தாகம் எடுக்காதோ? ஐன்சீடல் கோயில் மாதாவட்டைப் போக எனக்கு லீவு இல்லை. இவ தானா இஞ்ச வந்திருக்கிறா. வெள்ளியிலை ஒரு கிண்ணம் வைச்சு, பத்து மணிக்குப் போகேக்கை எடுத்துப் பூமரத்துக்கு ஊத்திறனான்."

"அக்கா, அந்தத் தண்ணியைத்தான் விசிறி அவவுக்கு ஊதுது. அவ குடிச்சுக் குடிச்சு ஊதிப் போனா வெடிப்பா."

இராஜேஸ்வரி கிண்ணத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்ததில் தண்ணீர் அவளது நீலச் சட்டையில் சிந்தியது. "அம்மாளுக்கு நானோ..." என்றாள். பிறகு, "சொல்லிப்போடாதை தம்பி. மணித்தியாலக் கணக்கிலைதான் எனக்கு வேலை. இனி வைக்கமாட்டன்."

சொல்லாமல் விடலாம். கோடு தானாகப் படுத்துவிடும். ஆனால் ஒலாயா என்ன நினைப்பாள்? கேள்வி கேட்டதும் நின்றுவிட்டது, ஆகவே திறந்தவன் இவன்தான் என்று. சொன்னால் அக்காவின் வேலை போகும். இரண்டு பக்கமும் பள்ளம்.

ஏழு மணிக்கு அவன் அறிக்கை எழுதினான். விரல் மூன்று தடவை பிழையான எழுத்தில் விழுந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதினான்: பீட அறையில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் வழிபாட்டுக்காகத் திறந்த நீர்க்கிண்ணம் வைத்தார், அது என்ன அறை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, வரைபடத்தில் இருந்த பூட்டைப் போடாமல் காந்தம் வைத்தது நான். கீழே கையெழுத்திட்டான். தட்டுகளின் நிறையையும் கிண்ணத்தின் படத்தையும் சேர்த்து ஒலாயாவுக்கும், அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரான ஃபிராவ் ச்சானன் அம்மையாருக்கும் அனுப்பினான்.

பதில் வர நாற்பது நிமிடம். அதற்குள் அவன் நான்கு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தான்.

எட்டரைக்கு இரண்டு பெண்களும் மண்டபத்துக்கு வந்தார்கள். ஒலாயா கைவிளக்கோடு பெட்டியை ஒரு சுற்று வந்து, மாதாவின் கழுத்து, விரல், பாதம் எல்லாம் பார்த்தாள். அவள் குனிந்த ஒவ்வொரு தடவையும் மதிவதனனும் கூடக் குனிந்து பார்த்தான்.

"செதில் இல்லை" என்றாள் கடைசியில். "பூட்டு எப்போது வரும்?"

"இண்டைக்கே."

வாசலில் வாளியைப் பிடித்தபடி நின்ற இராஜேஸ்வரியை ஃபிராவ் ச்சானன் திரும்பிப் பார்த்தாள். "கிண்ணம் வைக்கத்தான் வேண்டுமா?" என்று ஜெர்மன் மொழியான டொச்சில் கேட்டாள்.

"வெள்ளியிலை மட்டும்" என்றாள் இராஜேஸ்வரி, பாதி டொச்சில். "அப்படியென்றால் துப்புரவு அறையில் வையுங்கள்" என்றாள் ஃபிராவ் ச்சானன்.

அன்று பின்னேரம் பீடக் கதவுக்குப் பூட்டுப் போட்டான். சாவி ஒன்று அவனிடம், ஒன்று ஒலாயாவிடம். நான்கு தட்டுகளுக்கும் உலர்ந்த மணி மாற்றினான். கிண்ணம் இனித் துப்புரவு அறையில், கண்காட்சிச் சுவரொட்டியில் இருந்த மாதாவின் முன்னால், கண்ணாடியிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி. அடுத்த வெள்ளி ஆறு பத்துக்கு மானி ஐம்பது காட்டியது. பத்து மணிக்கும் ஐம்பது.